நீரூற்றை மூன்று முறை சுற்றிய ஊர்

இத்தாலி தேசத்தின் நடுமுதுகில், கழுதைகூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் ஏறும் ஒரு மலையின் உச்சியில், பியெத்ராலெந்தா என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் இருநூற்றுப் பதினான்கு பேரும், ஒரு தேவாலயமும், ஒரே ஒரு நீளத் தெருவும், தெருவின் கோடியில் ஒரு கல் நீரூற்றும் இருந்தன. அந்த நீரூற்றின் ஈரப் படியில்தான், அக்டோபர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மதியம், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற செண்பகவடிவு டீச்சர் வழுக்கி விழுந்து, வலது கணுக்காலை ஒடித்துக்கொண்டார்.

சுற்றுலா பஸ்ஸில் கூட வந்த முப்பத்தெட்டுப் பேரும் "ஐயோ பாவம்" என்று மனசாரச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது; சாயங்காலத்துக்குள் பீசா நகரம் போய், சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, பத்து நாள் சக்கர நாற்காலியை விட்டு இறங்கக்கூடாது என்றார். பதினோராம் நாள் ரோமாபுரியில் விமானம். ஆக, நாடு சுற்ற வந்த டீச்சருக்குக் கிடைத்தது அசுந்தா என்ற விதவை நடத்திய விடுதியில் ஓர் அறையும் ஒரு ஜன்னலும்.

அந்த விடுதியில் சமையல் செய்தவன் குகநேசன், பருத்தித்துறைக்காரன், அந்த மலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆனவன். தமிழ் பேசும் ஒரு மனுஷி கால் ஒடிந்து கிடக்கிறாள் என்றதும் அவன் ரசம் வைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அழாதேங்கோ ரீச்சர். இத்தாலியிலை என்னத்தைப் பாக்கவெண்டு வந்தனீங்கள்?"

"ஸ்ட்ராம்போலி எரிமலை, தம்பி. மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்." பாடப் புத்தகத்தில் இருந்த வரியை அப்படியே சொன்ன டீச்சர், பழக்கதோஷத்தில் மேலும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். "முன்னாடியே பாத்ததுதான். இன்னொரு தடவ பாக்கலாம்னு."

அது பொய். சும்மா பொய்யல்ல, முப்பத்தோரு வயசான பொய். வேலையில் சேர்ந்த முதல் வருஷம், எட்டாம் வகுப்பில், முதல் பெஞ்சில் இருந்த செல்லக்கனி என்ற பெண் எழுந்து, "டீச்சர், நீங்க அத பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். "பாத்திருக்கேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் செல்லக்கனியின் தங்கை அதே வகுப்புக்கு வந்து, "நீங்க பாத்த எரிமலையைப் பத்திச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். பிறகு என்ன, வருஷத்துக்கு ஒரு சங்கதி கூடிக்கொண்டே போயிற்று. தீக்குச்சி உரசினாற்போல ஒரு வாசனை, பழுத்த பனம்பழம்போல ஒரு நிறம், ஏறிப் போன படகு, படகோட்டியின் மீசை. பணி நிறைவு விழாவில் மாலை போட்ட தலைமையாசிரியை, "எரிமலையை நேரில் கண்ட நம் செண்பகவடிவு டீச்சர்" என்று மைக்கில் சொன்னபோது கூடியிருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள், டீச்சருக்கு மட்டும் மாலை கனத்தது. மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். பொய்யைத் திருப்பி வாங்க முடியாது, உண்மையாக்கிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

இப்போது எரிமலை இருக்கும் கடல் எங்கேயோ தெற்கே கிடக்க, டீச்சர் மலையில் கிடந்தார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்று ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். நிஜமாகவே சக்கரம் கட்டிய அன்றைக்குத்தான் எங்கும் போக முடியவில்லை.

பியெத்ராலெந்தாவில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆறு அடித்தால், காய்ச்சல்காரரும் கைக்குழந்தையும் உட்பட ஊரே நல்ல உடுப்பு உடுத்தித் தெருவில் இறங்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பேசிக்கொண்டே நடக்கும். நீரூற்றின் கல்லைத் தொடும். வந்த வழியே திரும்பும். நானூறு வருஷமாக இப்படித்தான். நீரூற்றுக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் குகநேசன் டீச்சரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், கல்லைத் தொடவிட்டு, நாற்காலியைத் திருப்பினான்.

"நில்லு தம்பி," என்றார் டீச்சர். "சுத்தாம எப்படித் திரும்புதது? தண்ணி இருக்கு, கல்லு இருக்கு, மேல ஒரு சாமி செலையும் இருக்கு. தொட்டுட்டு முதுகக் காட்டிட்டுப் போனா என்ன மரியாத? வலமா மூணு சுத்து சுத்து."

குகநேசன் சுற்றினான். விருந்தாளியைத் தனியே நடக்கவிட்டால் ஏழு தலைமுறைக்கு மாவு புளிக்காது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. ஆகையால் அசுந்தா பின்னால் போனாள், அசுந்தாவின் பின்னால் முடிதிருத்துநரும் மேயருமான எர்கொலே போனார், எர்கொலேயின் பின்னால் பாதிரியாரும் ரொட்டிக்காரரும் பிள்ளை குட்டிகளும் இரண்டு நாய்களும் போயின. இருநூற்றுப் பதினான்கு பேரும் வலமாக மூன்று சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். ஊர் கூடினால் தேர் நகரும் என்று நம் பக்கம் சொல்வார்கள். இங்கே தேர் இல்லை; ஊர் கூடியதில் ஊரே நகர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அசுந்தா ஜன்னலைத் திறந்தாள், குளிர் முகத்தில் அடித்தது, மூடினாள், கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி திறந்தாள். எதிரே வானத்தை முட்டிக்கொண்டு பனி மலைகள் நின்றன. ஜன்னலுக்குக் கீழேயே ஆப்பிள் தோட்டம்.

"ஆல்ப்ஸ்," என்றார் டீச்சர், ரசத்தை ஊதிக்கொண்டே. "இளம் மடிப்பு மலை."

ஊர் ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. கேட்டவர்களுக்கும் காலையில் வேலை இருந்தது. ரொட்டிக்காரர் அடுப்பைப் பற்றவைத்து, இந்தக் குளிருக்கு மாவு உப்ப இன்னும் ஒரு மணி நேரமாகும் என்று அறிவித்தார். பாதிரியார் பூசைக்கு மணி அடித்தார். அது ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டு, அவர்கள் ஏணியைவிட்டு இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் ஜெர்மன் பேசினார்கள். இதுவும் நம் தேசம்தானா என்று அசுந்தா குகநேசனைக் கேட்க, அவன் டீச்சரைக் கேட்க, "ஆமா, வட எல்லை, அங்க அப்படித்தான் பேசுவாங்க" என்று டீச்சர் அடித்துச் சொன்னார். ஊர் நிழல் விழுந்தால் ஆப்பிள் சிவக்காதே என்று சண்டை போட வந்த தோட்டக்காரர், பேச்சு நீண்டு, மனைவி சுட்ட ஆப்பிள் பலகாரத்தை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு எங்கே என்று ஒரு அதிகாரி வந்து நின்றார். அவருடைய படிவத்தில் கார், லாரி, கூடாரம் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன, ஊருக்குக் கட்டம் இல்லை. அவர் நல்ல மனுஷர், கூடாரம் என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

மத்தியானத்துக்குள் ஊருக்கு ஒன்று புரிந்தது. இருநூற்றுப் பதினான்கு பேரில் முக்கால்வாசிப் பேர் சந்தை கூடும் அடிவாரத்தைத் தாண்டிப் போனதே இல்லை. அவர்களுடைய சொந்த தேசத்தை ஆறு, மலை, கணவாய், விளைச்சல் என்று வரி பிசகாமல் அறிந்த ஒரே ஆள், முந்தாநாள் வந்து கால் ஒடிந்த இந்தத் தமிழச்சிதான். நேற்று டீச்சரின் மடியில் கிடந்த குடையின் முனை வடக்கே பார்த்திருந்ததை அசுந்தா கவனித்திருந்தாள். அன்றிலிருந்து, சுற்று ஆரம்பிக்கும் முன்னால் டீச்சர் பிரம்பை நீட்டுவதுபோலக் குடையை நீட்டுவார்; ஊர் வலமாக மூன்று சுற்று வரும்; விடிந்தால் அந்தத் திசையில் இருக்கும். ஒவ்வொரு காலையும் எர்கொலே முடிவெட்டும் கடை வாசலில் பலகை மாட்டி, "இன்று நாம் இருப்பது" என்று எழுதி, மீதியை டீச்சரிடம் கேட்டு நிரப்புவார். பழைய மலையில் தபால்காரர் மட்டும் இரண்டு நாள் திகைத்தார், மூன்றாம் நாள் கடிதங்களை ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கும் என்று உலகத்துக்கே தெரியும். டீச்சரின் காலில் இருந்ததும் பூட்ஸ் மாதிரிதான் இருந்தது. அசுந்தா ஒரு நீலப் பேனாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஆல்ப்ஸ் என்று எழுதி ஓர் ஆப்பிள் வரைந்தாள். மறுநாள் போ நதிச் சமவெளியில் விடிந்தது. சுற்றிலும் நெல் வயல், அறுப்புக்கு நின்றது. டீச்சர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு அரிசியைக் கடித்துப் பார்த்தார். குகநேசன் அன்றைக்கு ஊர் முழுக்கப் பொங்கல் வைத்தான், பாதிரியார் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். மாவுக்கட்டில் ஒரு நெற்கதிர் ஏறியது.

அதற்கடுத்த நாள்தான் வினை. குடை கொஞ்சம் கிழக்கே சாய்ந்துவிட்டது, ஊர் வெனிஸ் பக்கத்து உப்பங்கழியில் போய் நின்றது. தண்ணீர் நீரூற்றின் இரண்டாம் படி வரை ஏறி, அடித்தளத்து அறைகளில் புகுந்து, உலர்த்தித் தொங்கவிட்டிருந்த பன்றித்தொடைகளில் ஒரு டஜனை மிதக்கவைத்துக் கொண்டுபோய்விட்டது. மலைக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் குடிப்பதற்கு, நிற்பதற்கு இல்லை. பெண்கள் மேஜைமேல் ஏறினார்கள், ஆண்களும் ஏறினார்கள். அன்று சாயங்காலம் எர்கொலே கைதூக்கும் ஓட்டு நடத்தி, முடிவை எழுதிப் பலகையில் ஆணி அடித்தார்: பியெத்ராலெந்தா இனி ஒருபோதும் தண்ணீரில் கால் வைக்காது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை நம் பெரியவர்களும் சொல்லித்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பலகையைப் பார்த்த டீச்சருக்குத் தெரியும், ஸ்ட்ராம்போலி நிற்பது கடலுக்கு நடுவில்.

ஆனாலும் நாட்கள் நல்ல நாட்களாக இருந்தன. தொஸ்கானா பிரதேசத்தில் ரொட்டியில் உப்பே போடுவதில்லை என்று தெரிந்து ரொட்டிக்காரர் அரைநாள் கோபமாக இருந்தார், பிறகு அந்த ஊர் ரொட்டிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பினார். கிழக்குக் குதிகாலில் ஒரு கிராமத்தில் கிழவர்கள் கிரேக்கம்போல ஒன்று பேசினார்கள். அதற்கு மேற்கே ஒரு மலைக் கிராமத்தில் ஐந்நூறு வருஷத்துக்கு முன் அல்பேனியாவிலிருந்து வந்தவர்களின் வம்சத்தார் அல்பேனிய மொழியிலேயே தாலாட்டுப் பாடினார்கள். இத்தனை மொழி, இத்தனை சமையல், எல்லாம் ஒரே தேசமா என்று அசுந்தா அதிசயப்பட, "எங்க ஊருக்கு வாங்க, பஸ்ல ரெண்டு மணி நேரம் போனாலே கொழம்பு மாறிரும்" என்றார் டீச்சர். போகும் இடமெல்லாம் பியெத்ராலெந்தாக்காரர்கள் உறவு சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு கல்யாணம் பேசி முடிந்தது. மாவுக்கட்டு முழுக்க நீலப் படங்கள்.

ஒன்பதாம் நாள் ஊர் தேசத்தின் பெருவிரலில் வந்து நின்றது. மாவுக்கட்டும் அங்கே முடிந்துவிட்டது, டீச்சரின் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அசுந்தா பேனாவைத் திறந்து, இனி எங்கே என்று கேட்டாள். டீச்சர் பாதத்துக்கு முன்னால், காற்றில், ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே கட்டு இல்லை, கால் இல்லை, கடல்தான் இருந்தது.

ஆறு மணிக்கு நீரூற்றைச் சுற்றி ஊர் கூடியது. எர்கொலே தொண்டையைச் செருமினார். அந்த ஊர்க்காரர்கள் பேசுவதெல்லாம் குகநேசனின் வாய்வழியாகத்தான் டீச்சரை வந்தடையும். ஆகவே எட்டு நாளாக ஓர் இத்தாலிய மேயர் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"மேயர் சொல்லுறார், தண்ணியிலை இறங்கிறேல்லை எண்டு முடிவெடுத்தாச்சாம். நீங்கள் அந்த மலையை ஏற்கெனவே பாத்தனீங்கள்தானே, பிறகேன் இன்னொருக்கா எண்டு கேக்கிறார்."

டீச்சர் குடையை மடியில் வைத்தார். நாளை ஒரு நாள்தான் பாக்கி. இன்று சுற்றாவிட்டால் பொய் பொய்யாகவே ஊருக்குத் திரும்பும், அவருடைய சாவுக்கு வருகிறவர்களும் அதையேதான் சொல்லி அழுவார்கள். இருநூற்றுப் பதினான்கு முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் பாத்ததில்ல தம்பி. அவங்க கிட்ட சொல்லு. முப்பத்தோரு வருசமா பிள்ளைங்க கிட்ட பொய் சொல்லிருக்கேன். உங்கிட்டயும் பொய்தான் சொன்னேன். இந்தியாவ விட்டு வெளிய வந்ததே இதுதான் மொதத் தடவ. நான் சொன்ன ஆறு, மலை எல்லாமே புஸ்தகத்துல படிச்சதுதான்."

குகநேசன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். எர்கொலேயின் முகம் சிவந்தது, தொப்பியைக் கழற்றினார், ரொம்ப மெதுவாக ஏதோ சொன்னார்.

"மேயர் சொல்லுறார்," என்றான் குகநேசன், "தான் கப்பற்படையிலை இருந்தனான் எண்டு முப்பது வருசமா இந்தத் தெருவிலை சொல்லித் திரியிறாராம். அது பொய்யாம். மலைக்கு நடுவிலை ஒரு முகாமிலை உருளைக்கிழங்கு தோல் சீவினதுதானாம். கடலைத் தன்ரை வாழ்க்கையிலை கண்டதே அண்டைக்கு வெனிஸிலைதானாம்."

யாரோ ஒருவர் சிரித்தார். அசுந்தா சிரிக்கவில்லை, அவள் முன்னால் வந்து, தானும் கணவனும் தேனிலவுக்கு ரோமாபுரி போகவில்லை, அடிவாரத்துச் சந்தையில் அவனுடைய அத்தை வீட்டில் நான்கு நாள் ஒளிந்திருந்துவிட்டு வந்தோம் என்றாள். ரொட்டிக்காரர் தன் புகழ்பெற்ற பாரீஸ் ரொட்டியை ஒரு காலண்டர் படத்தைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார். பாதிரியார் புனித பூமிக்குப் போன கதையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, "அதுவும்தான்" என்றார். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. போகாத ஊருக்குப் போனதாகச் சொன்னவர்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள், ஒவ்வொன்றுக்கும் தெரு வெடித்துச் சிரித்தது, நாற்பது வருஷத்துப் பெருமைகளெல்லாம் நீரூற்றில் கரைந்தன. டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். நெஞ்சு இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

எர்கொலே பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்கினார். குகநேசன், பருத்தித்துறைக் கடலில் வளர்ந்தவன், யார் விழுந்தாலும் தூக்கிவிடுவேன் என்று கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டான். மிச்சமிருந்த பன்றித்தொடைகளை எல்லாரும் சேர்ந்து மாடிக்கு ஏற்றினார்கள். டீச்சர் குடையைக் கடல் பக்கம் நீட்டினார், ஊர் வலமாக மூன்று சுற்று சுற்றியது.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பாதிரியார் மணி அடித்தார். ஊர் கடலில் நின்றது. தண்ணீர் இந்தத் தடவை நீரூற்றின் முதல் படியோடு அடங்கியிருந்தது. எதிரே, கைக்கெட்டும் தூரம்போல, கடலிலிருந்து நேராக எழுந்த ஒரு கறுத்த மலை. டீச்சரின் நாற்காலியை நீரூற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், ஊர் போர்வையோடு சுற்றி உட்கார்ந்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். பதினைந்து ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. அப்போது மலை உச்சி திறந்து, நெருப்பு சிவப்பாக எழும்பி, பூப்பூவாகக் கடலை நோக்கி உதிர்ந்தது, அதற்குப் பின்னால் ஒரு சத்தம் வந்து எல்லார் நெஞ்சிலும் இடித்தது.

"எப்பிடி ரீச்சர்? நீங்கள் பிள்ளையளுக்குச் சொன்ன மாதிரியே இருக்குதோ?"

"இல்ல தம்பி," என்றார் டீச்சர். "நான் சொன்னது ரொம்பச் சின்னது."

இன்று சாயங்காலம் குடையை ரோமாபுரிப் பக்கம் நீட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஊர் தன் மலைக்குப் போகும். வலம் வந்தவர்கள் புறப்பட்ட இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்தியாவில் திங்கட்கிழமை காலை மணி பத்தேகால் இருக்கும், இரண்டாம் பீரியட். டீச்சர் போனை எடுத்து, இப்போது அதே பள்ளியில் அதே பூகோளம் நடத்தும் செல்லக்கனியைக் கூப்பிட்டார்.

"கிளாஸ்ல இருக்கேன், சொல்லுங்க டீச்சர். கால் எப்படி இருக்கு?"

"செல்லக்கனி, எட்டாம் வகுப்புல நீ ஒண்ணு கேட்டியே, எரிமலையப் பாத்திருக்கீங்களான்னு. அன்னைக்கு நான் சொன்னது பொய். இப்பதான் பாக்கேன்."

அந்தப் பக்கம் செல்லக்கனி சாக்பீஸை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். பொறவு வந்த பிள்ளைங்க கிட்ட வாசனை, நிறம், படகு, மீசை எல்லாம் சொன்னீங்க. சத்தத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. பாத்தவங்க அத விட்ருப்பாங்களா?"

"பின்ன ஏன்டி அப்பவே கேக்கல?"

"இன்ஸ்பெக்டர் பின்னாடி உக்காந்திருந்தாரே டீச்சர்."

டீச்சர், ஸ்பீக்கரில் போடு, பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை மலையைப் பார்த்து நீட்டிப் பிடித்தார். நீரூற்றைச் சுற்றி இருநூற்றுப் பதினான்கு பேர் காத்திருந்தார்கள், ஏழு கடல் தாண்டி ஒரு வகுப்பறையில் நாற்பது பெண்கள் காத்திருந்தார்கள். டீச்சரின் கை வலித்தபோது அசுந்தா அதைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். பதினெட்டாம் நிமிஷம் மலை முழங்கியது.

போனில் பெஞ்சுகள் நகரும் சத்தமும் கூச்சலும் எழுந்து அடங்கின. பிறகு ஒரு சின்னக் குரல், முதல் பெஞ்சாகத்தான் இருக்க வேண்டும், கேட்டது.

"டீச்சர், நீங்க அத பாத்திருக்கீங்களா?"

"இல்ல," என்றாள் செல்லக்கனி. "கேட்டிருக்கேன்."